130-ஆவது கிலோமீட்டரில் கால் ஏன் கைவிடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 74 கிலோ. வேளச்சேரியில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. ஒரு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். டிசம்பரில் ஈ.சி.ஆர். சாலையில் முதல் பிஆர்எம் 200 (நேர வரம்புக்குள் 200 கி.மீ. முடிக்க வேண்டிய சைக்கிள் ஓட்டம்) ஓட்டினேன். காலை 4 மணிக்கு இரண்டு இட்லி, ஒரு காபி. 5 மணிக்குக் கிளம்பினோம். கடப்பாக்கம் பக்கம் திரும்பும் இடம் வரை குழுவோடு 27 கி.மீ. வேகத்தில் போனேன். கால் அலுக்கவே இல்லை. திரும்பும்போது எதிர்காற்று. இருந்தும் 25-க்குக் குறையவிடாமல் மிதித்தேன். 130 கி.மீ. தாண்டியதும் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. 170-இல் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். எப்படியோ 11 மணி நேரத்தில் முடித்தேன். 130 வரை உள்ளே போனது நாலு ஏலக்கிப் பழம், இரண்டு இளநீர், இரண்டு காபி, மூன்று லிட்டர் தண்ணீர். அதற்குப் பிறகு இரண்டு நாள் படியேறினால் தொடை கனத்தது, ஆனால் அமுக்கினால் வலியில்லை. கெண்டைக்கால் மட்டும் தொட்டாலே வலித்தது. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, மசாஜ் செய்து கரைக்க வேண்டும், மெக்னீசியம் மாத்திரை போடு என்கிறார்கள் நண்பர்கள். என் சைக்கிளில் முன்பல்சக்கரம் இரண்டு: 50 பல், 34 பல். மிதிவேகம் சராசரி நிமிடத்துக்கு 62 என்று வாட்ச் காட்டியது. கிளீட் ஷூ (அடியில் உள்ள கட்டை பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ) போடுகிறேன். உள்கால் நீளம் 80 செ.மீ., சீட் உயரம் 67 செ.மீ. அடுத்த 200 எட்டு வாரத்தில் வருகிறது. என்ன மாற்ற வேண்டும்?

பதில்: இவ்வளவு விவரத்தோடு எழுதியதற்கு முதலில் நன்றி. "கால் வலிக்கிறது, என்ன செய்ய" என்று ஒரு வரியில் கேட்டிருந்தால் ஒரு வரியில்தான் பதில் சொல்லியிருக்க முடியும்.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிச் சோர்வுகள் இருக்கின்றன. 130-இல் தொடை கல்லானது ஒன்று. 170-இல் கெண்டை பிடித்தது இன்னொன்று. இரண்டு நாள் படியேறும்போது தொடை கனத்தது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி லாக்டிக் ஆசிட் தலையில் ஏற்றிவிட்டார்கள் உங்கள் நண்பர்கள். மூன்றிலுமே அதற்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை.

இந்தப் பழி நூறு வருடப் பழசு. களைத்துப்போன தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருப்பதை 1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் அளந்து காட்டினார்கள். தசை வேலைசெய்வதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் கிடைத்தது. களைப்பு இருக்கும் இடத்தில் அமிலம் இருக்கிறது, அப்படியானால் அமிலம்தான் களைப்புக்குக் காரணம் என்ற முடிவு அப்போது ஜிம், மைதானம் எல்லாம் பரவியது, இன்னும் போகவில்லை. லாக்டேட் (உடம்பில் லாக்டிக் அமிலம் இருக்கும் உருவம்) உண்மையில் ஒரு எரிபொருள். ஒரு தசைநார் வெளியே தள்ளும் லாக்டேட்டைப் பக்கத்துத் தசைநாரும் இதயமும் வாங்கி எரிக்கின்றன. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது ரத்தத்தில் ஏறும். நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். பேசிக்கொண்டே ஓட்டும் வேகத்தில் அது பெரிதாக ஏறுவதே இல்லை. செவ்வாய்க்கிழமை படியேறும்போது கனப்பதற்கு ஞாயிற்றுக்கிழமை லாக்டேட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை. மசாஜில் கரைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

மேம்பாலத்தில் ஓரிரு நிமிடத்தில் தொடை எரிந்து தளர்கிறதே, அது வேறு. வேகமாக ஆற்றல் தேவைப்படும்போது தசை தன் கிரியேட்டின் பாஸ்பேட்டை உடைக்கிறது. அதிலிருந்து பாஸ்பேட் பிரிந்து சேர்கிறது. தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் பிடி தளர இந்தப் பாஸ்பேட் பெரிய காரணம். கூடவே ஹைட்ரஜன் அயனியும், தசைக்கு வெளியே சேரும் பொட்டாசியமும். இறங்கி ஐந்து நிமிடம் நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். உங்களுக்கு 130-இல் அப்படிச் சரியாகவில்லை என்பதே அது இந்த வகை இல்லை என்பதற்குச் சாட்சி.

இனி 130-க்கு வருவோம். அங்கே நடந்தது ஒரு கணக்கு.

டிசம்பரில் நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்று. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். அன்று காற்று மணிக்கு 10 கி.மீ. மட்டும்தான் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். உங்கள் எடை, 10 கிலோ சைக்கிள், சமதளச் சாலை. காற்றே இல்லாவிட்டால் 25 கி.மீ. வேகத்துக்குத் தோராயமாக 115 வாட் வேண்டும். பின்காற்றோடு 27-இல் போக 80 வாட் போதும். அதனால்தான் கால் அலுக்கவில்லை. அதே எதிர்காற்றில் 25-ஐப் பிடித்துக்கொண்டு நிற்க 190 வாட் வேண்டும். வேகமானியில் இரண்டு கி.மீ. குறைந்திருந்தது, தொடையிடம் நீங்கள் கேட்டதோ இரண்டு மடங்குக்கும் மேல். 100 கி.மீ.க்குப் பிறகு திடீரென்று அப்படிக் கேட்டிருக்கிறீர்கள். எதிர்காற்றில் 115 வாட்டுக்கு 20 கி.மீ.க்கு மேல் கிடைக்காது, அதுதான் அன்றைய நேர்மையான வேகம். 200 கி.மீ.க்குத் தரப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. சராசரி 15 கி.மீ. இருந்தாலே முடித்துவிடலாம். அவசரப்பட எந்தத் தேவையும் இல்லை.

இப்போது எரிபொருள். மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற உருவில் தசைகளில் மொத்தம் 400 முதல் 500 கிராம் வரை சேமிப்பில் இருக்கும், ஈரலில் இன்னொரு 80 முதல் 100 கிராம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தசையின் கிளைக்கோஜனை அந்தத் தசை மட்டுமே செலவழிக்க முடியும். அதைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடும் நொதி தசையில் இல்லை, ஈரலில்தான் இருக்கிறது. உங்கள் கையிலும் முதுகிலும் சேமிப்பு நிறைய இருந்தாலும் தொடைக்கு ஒரு பைசா கடன் கிடைக்காது. ஸ்டாக்ஹோமில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1966-இல் இதைத் தங்கள் காலிலேயே செய்து பார்த்தார்கள். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒற்றைக் காலால் மிதித்துக் களைத்தார்கள். பிறகு ஊசி போட்டுத் தொடைச் சதையைத் துளியூண்டு எடுத்துப் பார்த்தால், மிதித்த காலில் கிளைக்கோஜன் வற்றியிருந்தது, சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அதன்பின் மூன்று நாள் மாவுச்சத்து உணவு சாப்பிட்டதும் மிதித்த காலில் மட்டும் சேமிப்பு மற்றக் காலில் இருந்ததைவிட இரண்டு மடங்காக ஏறியது.

உங்கள் இரண்டு காலிலும் சேர்த்து 200 கிராம், இரவு முழுக்கப் பட்டினியாக இருந்த ஈரலில் 60 கிராம் என்று வையுங்கள். நாலு ஏலக்கியில் சுமார் 50 கிராம், இளநீரும் காபிச் சர்க்கரையும் ஒரு 30. ஆக 340 கிராம். செலவு? 80 வாட்டில் மணிக்குச் சுமார் 40 கிராம். 3 மணி 40 நிமிடத்துக்கு 150. 190 வாட்டில் கதை மாறிவிடும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை ஒதுக்கிவிட்டு மாவுச்சத்தையே கேட்கும். மணிக்கு 140 கிராம் வரை போகும். 30 கி.மீ.யை ஓட்டிய 70 நிமிடத்தில் 165 கிராம் போய்விட்டது. காலை முழுவதும் செலவழித்ததைவிட அதிகம். கூட்டினால் 315. கையிருப்பு தீர்ந்த இடம் 130-ஆவது கிலோமீட்டர். இவை தோராய எண்கள்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

"உடம்பில் கிலோக் கணக்கில் கொழுப்பு இருக்கிறதே, அதை எரிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். எரிக்கும், மெதுவாக. அதனால்தான் நீங்கள் நின்றுவிடாமல் மீதி 70 கி.மீ. ஓட்டினீர்கள். ஆனால் தசை சுருங்குவதற்கு முதலில் கால்சியம் வேண்டும். நரம்பிலிருந்து உத்தரவு வந்ததும் தசைநாருக்குள் இருக்கும் பைகளிலிருந்து கால்சியம் வெளியேறும். அது வந்தால்தான் இழைகள் பிடித்து இழுக்கும். அந்தப் பைகளை ஒட்டி, இழைகளுக்கு நடுவே இருக்கும் கிளைக்கோஜன் துகள்கள் தீர்ந்தால் கால்சியம் வெளியேறுவதே குறைந்துபோகிறது. மூளை உத்தரவிடுகிறது, கால் பாதிதான் கேட்கிறது. கல்லைக் கட்டியதுபோலத் தோன்றுவது இதுதான். ரத்தச் சர்க்கரையும் இறங்கினால் மூளையே உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரைக் கரைசலை விழுங்காமல் வாயில் கொப்பளித்துத் துப்பினாலே ஒரு மணி நேர சைக்கிள் ஓட்டத்தில் கிட்டத்தட்ட 3 விழுக்காடு முன்னேற்றம் இருந்ததாக 2004-இல் வெளிவந்த ஒரு பரிசோதனை காட்டியது. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. மூளை ருசி பார்த்துவிட்டுக் கணக்கை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் கியர். 62 மிதிவேகத்தில் 25 கி.மீ. என்றால் நீங்கள் முன்னால் 50, பின்னால் 16 பல்லில் இருந்திருக்கிறீர்கள். 190 வாட்டை 62 மிதியில் எடுக்க, 170 மி.மீ. கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) பெடலை ஒவ்வொரு கணமும் சராசரியாகப் பதினேழரை கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். அதே 190-ஐ 85 மிதியில் எடுத்தால் 13 கிலோ. 115 வாட், 85 மிதி என்றால் 8 கிலோகூட வராது. இது முழுச் சுற்றின் சராசரி. பெடல் முன்னால் கிடைமட்டமாக வரும் இடத்தில் விசை இதைவிட இன்னும் அதிகம். அழுத்தம் கூடும்போது மெதுவாகச் சுருங்கும் நார்கள் போதாமல், வேகமாகச் சுருங்கும் நார்களையும் உடம்பு கூப்பிடுகிறது. அவை கிளைக்கோஜனைக் குடித்துத் தீர்க்கும், சீக்கிரம் ஓயும். தசை இறுகும் நேரத்தில் ரத்தக்குழாயும் நசுங்குவதால் ரத்த ஓட்டமும் தடைப்படும். கனமான கியரில் மெதுவாக மிதித்தால் மூச்சு வாங்காது. அதனால் வசதியாக ஓட்டுகிறோம் என்று நினைப்போம். மூச்சுக்குக் கிடைக்கும் அந்த வசதிக்குத் தொடைதான் விலை கொடுக்கிறது.

எதிர்காற்றில் 20 கி.மீ. போக, முன்னால் 34-க்கு மாற்றி, பின்னால் 18 அல்லது 19-இல் வையுங்கள். மிதிவேகம் 83-இலிருந்து 87-க்குள் நிற்கும். 62-இலிருந்து ஒரே நாளில் 85-க்குத் தாவ வேண்டாம். சீட்டில் உடம்பு துள்ளும், மூச்சும் ஏறும். வாரத்துக்கு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். 80 முதல் 90 வரை போதும். டிவியில் வரும் போட்டிக்காரர்களைப் பார்த்து 100-க்குப் போக வேண்டியதில்லை. கூட்டினால் ஆக்சிஜன் செலவுதான் கூடும்.

சீட் உயரத்தைப் படித்ததும் உங்கள் தொடை ஏன் முதலில் போனது என்பதற்கு இன்னொரு காரணம் தெரிந்தது. உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இருக்க வேண்டிய தோராய உயரம் கிடைக்கும். உங்களுக்கு 70.6 செ.மீ. நீங்கள் 67-இல் உட்கார்ந்திருக்கிறீர்கள், மூன்றரை செ.மீ. தாழ்வு. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கிய நிலையிலேயே வேலைசெய்யும். பிட்டத் தசை ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுவதும் முன்தொடைக்கு வரும். கொஞ்ச நாளில் முழங்கால் சில்லுக்குக் கீழே வலியும் சேரும். ஆனால் ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு 5 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். பெடல் கீழே இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இருபுறமும் ஆடினாலோ முழங்காலுக்குப் பின்புறம் இழுத்தாலோ ஏறிவிட்டது என்று அர்த்தம், 5 மி.மீ. இறக்குங்கள். சூத்திரம் ஒரு தொடக்கம்தான். 70-இலேயே சரியாக இருக்கிறது என்று கால் சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம். எட்டு வாரத்தில் கடைசி இரண்டு வாரம் சீட்டைத் தொடாதீர்கள்.

சைக்கிளையும் ஒரு முறை சந்தேகப்படுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் பிரேக் உரசுகிறதா, டயரில் காற்றழுத்தம் குறைவா என்று பாருங்கள். இரண்டும் பத்திருபது வாட்டைச் சத்தமில்லாமல் தின்னும்.

இனி கெண்டைக்கால். நரம்பு இழுத்துக்கொண்டது என்று நாம் சொல்வது, தசை விடாமல் சுருங்கி நிற்பது. உப்பும் நீரும் குறைந்தால்தான் இது வரும் என்பது பழைய கருத்து. அப்படியானால் உடம்பின் எல்லாத் தசையும் பிடிக்க வேண்டும்; பிடிப்பது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த தசை மட்டும்தான். தசை களைக்கும்போது, "சுருங்கு" என்று தூண்டும் உணர்விகளின் கூச்சல் ஏறுகிறது, "போதும், விடு" என்று அடக்கும் தசைநாண் உணர்விகளின் குரல் தேய்கிறது. தண்டுவடத்திலிருந்து உத்தரவு நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். தசை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருந்தால் பிடிப்பு இன்னும் சுலபம். தொடை ஓய்ந்தபின் பலர் தெரியாமலே குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தை ஊன்றி மிதிக்கத் தொடங்குகிறார்கள். கிளீட் விரல் பக்கமாக முன்னால் இருந்தால் கெண்டைக்குச் சுமை இன்னும் கூடும். கிளீட்டை 3 முதல் 5 மி.மீ. குதிகால் பக்கம் நகர்த்திப் பாருங்கள். பெருவிரலின் அடிப்பந்து பெடல் அச்சுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலோ வந்தால் சரி.

பிடித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இறங்குங்கள், முழங்காலை நீட்டுங்கள், பாதத்தை உங்களை நோக்கி மெதுவாக இழுத்து 30 முதல் 60 நொடி பிடியுங்கள். இழுக்கும்போது அடங்கிய தசைநாண் உணர்வி விழித்துக்கொண்டு பிடியை விடச் சொல்லும். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், குத்திப் பிசையவும் வேண்டாம். பிறகு பத்து நிமிடம் லேசான கியர். வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் ஊறுகாய்த் தண்ணீர் குடிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் விஷயம் உண்டு. ரத்தத்தில் உப்பு ஏறுவதற்கு முன்பே பிடிப்பு தணிவதைப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். தொண்டையில் படும் அந்தப் புளிப்புக் காரம் நரம்பு வழியாகத் தண்டுவடத்தை அடக்குகிறது என்பது இப்போதைய விளக்கம். அது வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய்த் தண்ணீர். நம்ம ஆவக்காய் எண்ணெயைக் குடித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மெக்னீசியம் மாத்திரை? ரத்தத்தில் குறைவு இருந்தால் தவிர, பிடிப்பைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதிகமானால் வயிற்றுப்போக்கு நிச்சயம். 200 கி.மீ. நடுவில் அதைவிட மோசமானது எது?

உப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்கு மேலும் சோடியம் போகும். உங்கள் அளவை நீங்களே பாருங்கள். ஓட்டுவதற்கு முன் உடையில்லாமல் எடை 74.0, ஒரு மணி நேரம் ஓட்டி அரை லிட்டர் குடித்தபின் துடைத்துவிட்டு எடை 73.4 என்றால், வியர்வை 1.1 லிட்டர். பின்காற்றில் போகும்போது உடம்பில் காற்று படுவது குறைவு, வியர்வை உலராது; வேலை குறைவாக இருந்தும் வழிந்து ஓடும். வியர்த்த அவ்வளவையும் குடித்து ஈடுகட்ட வேண்டும் என்றில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துச் சோடியம் நீர்த்துப்போவது அதைவிட ஆபத்து: தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, ஓட்டியபின் எடை கூடியிருப்பது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். நல்ல பானம்தான், ஆனால் வியர்வையில் போன உப்பைத் திருப்பித் தராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சோடியம் தரும். ஆனால் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் உண்டு, அதாவது ஒரு ஏலக்கிப் பழம். அதைக் குடித்துவிட்டுத் தெம்பு வரும் என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

உங்களுக்கு நான் சொல்லும் பானம் இது. 750 மி.லி. தண்ணீர், சர்க்கரை 40 கிராம் (தலைதட்டி ஒன்பது டீஸ்பூன் வரும், முதல் தடவை எடைபோட்டுவிடுங்கள்), உப்பு கால் டீஸ்பூன், அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் உப்பில் 600 மி.கி. சோடியம் இருக்கிறது. குடல் குளுக்கோஸை ஒரு வழியாகவும் ஃப்ரக்டோஸை வேறொரு வழியாகவும் உறிஞ்சுகிறது. குளுக்கோஸ் வழி மணிக்கு 60 கிராமுக்கு மேல் தாங்காது. இரண்டும் சேர்ந்தால் 90 வரை போகலாம். நூற்றுக்கணக்கில் விலைபோட்டு விற்கும் ஜெல்களில் இதைத்தான் பெருமையாக எழுதியிருப்பார்கள். மளிகைக்கடைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். சர்க்கரையும் உப்பும் கலந்த சின்னப் பொட்டலங்கள் பத்து கட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தண்ணீர் வாங்கிக் கொட்டினால் ஆயிற்று. மணிக்கு ஒரு பாட்டில், கூட ஒரு ஏலக்கிப் பழம். 50 கிராமுக்கு மேல் வந்துவிடும். அன்று நீங்கள் எடுத்தது மணிக்குச் சுமார் 16. கடலைமிட்டாய் ருசிதான், ஆனால் பாதி கடலை, கொழுப்பு அதிகம்; வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். எதிர்காற்று ஏறும் நேரத்தில் வேண்டாம், டீக்கடை நிறுத்தத்தில் சாப்பிடலாம்.

முக்கியமானது தொடங்கும் நேரம். முதல் அரை மணிக்குள் முதல் வாய் போக வேண்டும். பசித்தபின் சாப்பிட்டால் ஏற்கெனவே தாமதம். வாட்ச்சில் 20 நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வையுங்கள். முதல் சில வாரம் வயிறு உப்பும், அதற்கும் பழக்கம் வேண்டும். புதுச் சாப்பாட்டைப் போட்டியன்று முயற்சி செய்து புதருக்குள் ஓடியவர்கள் எந்தக் குழுவிலும் ஓரிருவர் உண்டு.

இரண்டு நாள் கனத்தது ஏன்? உடற்பயிற்சிக்குப் பின் வரும் வழக்கமான தசைவலி, தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது வருவது. மலையிறங்கி ஓடுபவர்களுக்கு வரும். சைக்கிளில் தசை சுருங்கி மட்டுமே வேலைசெய்வதால் அது குறைவு. அமுக்கினால் வலியில்லை, ஏறினால் கனக்கிறது என்று நீங்களே பிரித்து எழுதியிருக்கிறீர்கள். நீண்ட உழைப்புக்குப் பிறகு கால்சியம் வெளியேறும் அமைப்பு பழைய நிலைக்கு வர ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். முழு பலத்தோடு ஒரு உதை உதைத்தால் வித்தியாசம் தெரியாது. படியேறுவது போன்ற மிதமான வேலையில்தான் கால் நம்முடையது இல்லை என்று தோன்றும். கிளைக்கோஜன் நிரம்பவும் 24 மணி நேரமாவது ஆகும், அதுவும் சாப்பிட்டால்தான். கெண்டைக்கால் வலி வேறு கதை. பிடித்த பிடியில் நார்கள் சில காயப்பட்டிருக்கும், அதனால்தான் தொட்டால் வலி. ஓட்டி முடித்த ஒரு மணிக்குள் ஒரு தட்டுச் சாதம், இரண்டு மூன்று முட்டை அல்லது பருப்பும் தயிரும். பிறகு நல்ல தூக்கம். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

எட்டு வாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூரங்கள்: 80, 100, 120, பிறகு இளைப்பாற 80, அடுத்து 140, 160, 100, எட்டாவதில் போட்டி. வார நடுவில் இரண்டு நாள் ஒரு மணி நேரம். எல்லாமே முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். நடுவார ஓட்டத்தில் ஒன்றில் மட்டும் ஐந்து நிமிடம் வேகம், ஐந்து நிமிடம் மெதுவாக என்று நான்கு முறை. வாரம் இரண்டு நாள் வீட்டில் ஸ்குவாட், ஒற்றைக் காலால் படியேறுவது, ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. கடைசி வாரம் இதை நிறுத்திவிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் ஒவ்வொரு வேளையும் சாதத்தையோ இட்லியையோ கூட்டி, எண்ணெய்ப் பண்டத்தைக் குறையுங்கள். அன்று காலை 3 மணிக்கு எழுந்து ஐந்து இட்லி, ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட காபி. அந்த நேரத்தில் ஐந்து இறங்காது என்றால் மூன்று போதும், சைக்கிளில் ஏறியதும் பாட்டிலைத் தொடங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் 100-க்குள் கால் ஓய்ந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, தைராய்டு பாருங்கள். கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அல்லது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனை. இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள்: முழு வேகத்தில் ஒரு தொடை மட்டும் சக்தியிழந்து, நிறுத்திய சில நிமிடத்தில் சரியாகி, மறுபடி வேகமெடுத்தால் மறுபடி வருவது. வருடக்கணக்கில் குனிந்து மிதிப்பவர்களுக்கு இடுப்பிலிருந்து தொடைக்குப் போகும் ரத்தக்குழாய் தடித்துக் குறுகுவதால் இப்படி ஆவதுண்டு. படுக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும், ஓடவைத்தோ மிதிக்கவைத்தோ பார்த்தால்தான் பிடிபடும். உங்களுக்கு இரண்டு காலும் ஒன்றாகப் போனதால் இந்தக் கவலை வேண்டாம்.

மசாஜைக் கடைசியில் வைத்தேன். வலி உணர்வு குறையும், தூக்கம் நன்றாக வரும். அதற்காகச் செய்துகொள்ளலாம், எண்ணெய் தேய்த்தும் குளிக்கலாம். பிடித்த கெண்டைக்காலை மட்டும் முதல் இரண்டு நாள் யாரும் அழுத்திப் பிசைய விடாதீர்கள்.